நடுப்பலகையில் உட்கார்ந்த இஞ்சின்காரன்

மலைநாட்டில் கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் ஒரு காலத்தில் ஓடிய இஞ்சின் படகைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு எதிராக அதை ஓட வைத்தவன் கடற்கரைக்காரன்தான் என்று அடித்துப் பேசுகிற கட்சி ஒன்று இருக்கிறது. அந்தக் கட்சியில் என் வீட்டுக்காரியும் உண்டு. அந்தப் படகின் விசிறியைத் தேர்ந்தெடுத்தவன் நான், கையால் மாட்டியவன் நான், படகிலே இருந்தவனும் நான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் அதிகம் இல்லை. எழுத்துக் கூட்டக் கற்றதே வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டுதான். தப்பிருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

முதலில் நான் வண்டிக்காரன். பண்டாரவளை ஸ்டேஷனில் அரிசி மூட்டை ஏற்றி, பூனாகலை வழியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவருவேன். பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். அந்தப் பாதையில் என்னைப் போல வண்டி ஓட்டியவன் எவனும் இல்லை. ஏற்றத்தில் மற்றவர்கள் வண்டி பின்பாரமாகி, நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். மாடு கால் பாவாமல் நிற்கும். என் வண்டிக்கு அது நடந்ததே இல்லை. ஏற்றம் வருவதற்கு முன்பே இறங்கி, மூட்டைகளை முன்னுக்குத் தள்ளி முன்பாரமாக்கிவிடுவேன். இந்த ஒரு புத்தியை வைத்துத்தான் நான் முன்னேறினேன். அதே புத்திதான் ஒரு நாள் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வண்டியிலிருந்து தேயிலை ஸ்டோருக்குள், கொழுந்தைத் தூளாக்குகிற ஆலைக்குள், போனேன். பெல்ட் அறுந்தால் தைக்கவும், கப்பி மாற்றவும், இஞ்சின் மூச்சு வாங்கினால் காதால் கண்டுபிடிக்கவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றுக்கொண்டேன். சில வருஷத்தில் இரண்டாம் இஞ்சின்காரன் ஆனேன். பெரிய இஞ்சின்காரர் ஒருவர் எனக்கு மேலே இருந்தார். திருச்சிப் பக்கத்து மனிதர். அவர் வேலையை விட்டு ஊருக்கே போய்விடப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அந்த வேலையோடு சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து அறைகளை விட்டுத் தள்ளி ஒரு தனி வீடும் உண்டு. அடுத்த காம்பராக்காரன் இருமினால் நம் காது அதிராத வீடு. அதை நினைத்தபடியே தூங்குவேன், அதை நினைத்தபடியே எழும்புவேன்.

வேறு யாருக்கும் அந்த வேலை போக வழியே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் அவன் வந்தான்.

ராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்தது கப்பலில் வந்த அன்று ஒரு தரம்தான். இவன் கடலிலேயே வளர்ந்தவன். ஸ்டோரில் கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தான். ஆள் ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. விறகு தள்ளும்போது பாட்டு, சாப்பிடும்போது கதை, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியைப் போலவே பேசிக் காட்டி, கங்காணியையே சிரிக்க வைப்பான். இஞ்சின் ரூமுக்கு வந்து நின்று, "என்ன அண்ணே, உங்க யானை இன்னைக்கு ஒழுங்கா சாப்பிட்டுச்சா?" என்று இஞ்சினைத் தட்டிக் கொடுப்பான். பெரிய இஞ்சின்காரரும் சிரிப்பார். நான் அந்த இடத்துக்கு வர எத்தனை பாடுபட்டேன்! இவன் ஒரு பாட்டில் உள்ளே நுழைந்துவிட்டான்.

வீட்டிலும் அவன் பேச்சுத்தான். "அந்த அண்ணன் எவ்வளவு கலகலப்பா இருக்காரு" என்பாள் என் வீட்டுக்காரி, சோற்றை வைத்துக்கொண்டே. "நீங்களும் இருக்கீங்களே, இஞ்சின் மாதிரி உர்ருன்னு."

அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கும்?

குளம் என்றேனே, அது இயற்கைக் குளம் இல்லை. ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஓடையை மறித்துக் கட்டியது. நீளமான குளம். இந்தப் பக்கம் அணைக்கட்டு, அந்தக் கடைசியில் ஓடை வந்து விழுகிற நாணல் காடு. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை அதில் மீன் குஞ்சு விட்டிருந்தார். அது பெருகி நாணல் பக்கமாகத்தான் கிடக்கும். மீன் பிடிக்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும். கச்சான் மாதங்களில் காற்று அந்தப் பக்கமிருந்து மலையை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி வரும். துடுப்புப் போட்டுப் போகிறவன் பாதிக் குளத்தில் தோள் விட்டுத் திரும்பிவிடுவான். அதனால் தொரை கொழும்புக்கு எழுதி ஒரு சின்னப் படகும், அதன் பின்பலகையில் கவ்வி நிற்கிற ஒரு இஞ்சினும் வரவழைத்தார்.

படகை ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்தவனும் நான்தான். "இத வண்டியில ஏத்தி மலையில கொண்டுவர உன்னாலதான் முடியும்" என்று பெரிய இஞ்சின்காரரே சொல்லி அனுப்பினார். படகு வண்டியை விட நீளம். மூக்கு மாட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் அரிசி மூட்டை வைத்து முன்பாரமாக்கி, பூனாகலை ஏற்றம் முழுவதும் நுகம் ஒரு விரல்கடை எழும்பாமல் கொண்டுவந்து சேர்த்தேன். வழியில் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். பண்டாரவளையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற முஸ்லிம் முதலாளி ஒருவர், "என்னப்பா, மலையில கடல் வந்துட்டுதா? எங்க வியாபாரம் என்ன ஆகும்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்று நான் இரண்டு முழம் வளர்ந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தொரையே ஓட்டினார். கூட இரண்டு விருந்தாளித் தொரைமார், வலை, சாப்பாட்டுக் கூடை. காற்றில்லாத கரையோரம் படகு நன்றாகத்தான் போனது. அணைக்கட்டை விட்டு வெளியே வந்ததும் இஞ்சின் அடித்தொண்டையில் முனக ஆரம்பித்தது. படகு நடுக்குளத்தில் நின்று, காற்றோடு பின்னுக்கு வந்தது. நான் கரையில் நின்று காதைக் கொடுத்தேன். முனகல் எனக்குப் பழக்கமான முனகல். ரோலரில் அளவுக்கு மேல் கொழுந்தைப் போட்டால் ஸ்டோர் இஞ்சின் அப்படித்தான் முனகும்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கடற்கரைக்காரன் வேறு ஒன்றைப் பார்த்திருக்கிறான். வாயில் கை வைத்துக் குளத்தைப் பார்த்துக் கத்தினான்: "தொரை! ஒரு பக்கமா எல்லாம் குந்தாதீங்க! படகுக்கு இடுப்பு பிடிச்சுக்கிரும்!"

தொரைமார் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. கரைக்கு வந்த தொரை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவருடைய தமிழ் எங்களுக்குப் பழகிப்போன தமிழ்.

"பெரிய இஞ்சின்காரன் ஊருக்குப் போறான். அவன் வேலை யாருக்கு? இந்தச் சின்ன இஞ்சின் யார் சொல்றது கேக்குதோ, அவனுக்குப் பெரிய இஞ்சின் குடுக்கிறேன். அந்த நாணல் வரைக்கும் போகணும். மூணு பேரு, வலை, எல்லாம் வச்சு. சரியா?"

நான் கேட்டது சரிதானா என்று எனக்கே சந்தேகம். அடுப்புக்கு விறகு தள்ளுகிறவனையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறாரே! "சரிங்க தொரை" என்று அவன் எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

முதல் முறை எனக்கு. இஞ்சின் வந்த பெட்டியில் இரண்டு விசிறி இருந்தது. விசிறி என்றால் தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற பித்தளைச் சக்கரம். தொரை மாட்டியிருந்தது பெரியது. அதன் இறகுகள் அகலம், நல்ல முறுக்கு. மற்றது சின்னது, முறுக்குக் குறைவு. பெரியதுதான் வேகம் கொடுக்கும் என்பது தொரையின் எண்ணம். கொழுந்து வாட்டுகிற மாடியில் பெரிய காற்றாடிதான் பெரிய காற்று வீசும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதைச் சுற்றப் பெரிய இஞ்சின் கீழே இருக்கிறதே! இந்தக் குட்டி இஞ்சினுக்குப் பெரிய விசிறி என்பது சுமக்க முடியாத சுமை. காற்றும் எதிரே நின்றால் அது சுற்றவே திணறும். சின்னக் கப்பி போட்டால் இஞ்சின் இலகுவாக ஓடி இழுக்கும் என்பது நான் தினமும் பார்க்கிற சங்கதி. சின்ன விசிறியை மாட்டினேன். அது சரி. அதில் இன்று வரை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு பாரம். காற்றுக்கு எதிராகப் போவதென்றால் அது ஏற்றம். ஏற்றத்துக்கு முன்பாரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதோடு நானோ பின்னால் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு அப்போதே நல்ல கனத்த உடம்பு. அதற்கும் சேர்த்து மூக்கில் மணல் மூட்டை அடுக்கினேன். தொரையையும் விருந்தாளிகளையும் முன்பலகையில் உட்கார வைத்தேன்.

கடற்கரைக்காரன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, படகுக்கு முன்னாடி மாடு கட்டலியே?" என்றான்.

லயத்து ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் சிரிக்க வைத்துக்கொண்டே சொன்னதால் அதில் ஒரு புத்தி இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எவன் எடுத்துக்கொள்வான்?

காற்றில் போனதும் மூக்கு தண்ணீரைக் குத்தியது. நேராக நிற்காமல் படகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. ஒவ்வொரு அலையும் தொரையின் மடியில் வந்து விழுந்தது. மூக்கு அமுங்கினால் பின்பக்கம் எழும்பத்தானே செய்யும்! விசிறி தண்ணீர் மட்டத்துக்கு வந்து, தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்து, இஞ்சின் வீரிட்டு அலறியது. சாப்பாட்டுக் கூடை மிதந்தது. தொரை தொப்பியால் தண்ணீர் இறைத்தார். நான் இஞ்சினை நிறுத்தினேன். காற்றே எங்களைக் கொண்டுவந்து அணைக்கட்டில் சேர்த்தது.

"சின்ன விசிறி சரியில்லே" என்றார் தொரை. "பெரிசு போடு."

சரியாகச் செய்ததற்குப் பழி வந்தது, தப்பாகச் செய்ததை யாரும் கேட்கவில்லை.  என் கையாலேயே சின்ன விசிறியைக் கழற்றிப் பெரியதை மாட்டிக் கொடுத்தேன். அன்று இரவு என் வீட்டுக்காரி என் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். 

அடுத்த ஞாயிறு அவன் முறை. அவன் விசிறியைப் பார்க்கவே இல்லை. விசிறியும் இஞ்சினும் அவனுக்கு ஒன்றுதான். தொரை மாட்டச் சொன்னது மாட்டியிருந்தது, அவ்வளவு. மணல் மூட்டையை எல்லாம் தூக்கிக் கரையில் போட்டான். வலையை நடுவில் தரையோடு பரப்பினான். எண்ணெய் டின்னை நடுப்பலகைக்கு அடியில் தள்ளினான். விருந்தாளிகளில் தடித்தவரைக் கையைப் பிடித்து, "நீங்க நடுவுல குந்துங்க, ராசா மாதிரி" என்று உட்கார வைத்தான். தொரையை முன்னால் ஒரு ஓரத்தில் இல்லாமல் நடுக்கோட்டில் உட்கார வைத்தான். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, ஒரு சாண் தள்ளிப் போங்க, இன்னும் கொஞ்சம், போதும் என்று பெண் வீட்டார் பந்தியில் இடம் போடுகிற மாதிரி அத்தனை பேரையும் நகர்த்தினான். மூக்கு தண்ணீரை விட்டுச் சற்றே எழும்பி நின்றதும், அவன் ஒல்லி உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு இஞ்சின் பிடியைப் பிடித்தான்.

படகு அலையைக் குத்தவில்லை, ஏறி இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கரையில் கைதட்டல். என் வீட்டுக்காரியும் தட்டினாள். என் வயிறு அடுப்பாக எரிந்தது. அதற்கு அவன் விறகு தள்ள வேண்டியதே இல்லை. நான் அணைக்கட்டுக் கல்லில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. அந்த அடித்தொண்டை முனகல்! எத்தனை சங்கீதம் கேட்டிருக்கிறேன்; அந்த முனகலைப் போல எதுவும் இனித்ததில்லை. பாதிக் குளத்துக்கு மேலே போய், நாணல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டுத் திரும்பினான்.

தொரை இறங்கும்போது நான் போய் முன்னால் நின்றேன். "தொரை, இஞ்சின் பாரம் தாங்காமத்தான் நின்னுச்சு. இப்ப நான் சின்ன விசிறியைப் போடுறேன், பாருங்க."

தொரை அவனைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "அண்ணன் சொல்றது சரியா இருக்கும்ங்க. இஞ்சினு அண்ணன் சொன்னாத்தான் கேக்கும். ஆனா தொரை, அண்ணன் பின்னாடி குந்தக் கூடாது. பின்னாடி கனம் போனா மூக்கு வானத்தைப் பாக்கும். அப்புறம் முன்னாடி மூட்டை அடுக்குவாரு. அன்னைக்கி நடந்ததுதான் நடக்கும்."

"அப்ப இவன் எங்கே?"

"நடுவுல. இன்னைக்கி நடுவுல குந்துன விருந்தாளித் தொரை அடுத்த வாரம் வரமாட்டாராம். அந்த எடத்துக்குக் கனமா ஒரு ஆளு வேணும். அண்ணனை விட்டா யாரு இருக்கா?"

அணைக்கட்டே சிரித்தது. நான் இஞ்சின்காரன். என்னை மூட்டைக்குப் பதிலாகக் கேட்கிறான்! மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சின்ன விசிறி சரி என்பது யாருக்கும் தெரியாமல் போகும். தெரியாமல் போனால் வேலை போகும். அந்த விசிறியை நிரூபிக்க எனக்கு அவன் பாரம் வைக்கிற விதம் வேண்டியிருந்தது. அவனுக்கோ என் உடம்பு வேண்டியிருந்தது.

"குந்துறேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு தோட்டமே அணைக்கட்டில் நின்றது. சின்ன விசிறியை மாட்டி, ஆணி தட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு நடுப்பலகையில் உட்கார்ந்தேன். தொரையும் ஒரு விருந்தாளியும் முன்னால். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால், போகிற வழி எனக்குத் தெரியாது. பிடியைப் பிடித்திருந்த அவன் முகம்தான் தெரியும்.

"அண்ணே, ஒரு விரக்கடை இடது பக்கம்."

நகர்ந்தேன்.

"வலது பக்கம் கொஞ்சூண்டு."

"எத்தனை தடவைடா?"

"உங்களுக்கு இருக்கிற கனத்துக்கு, நீங்க மூச்சு விட்டாலே படகு சாயுதே, அண்ணே."

நான் பல்லைக் கடித்தேன். அணைக்கட்டைத் தாண்டியதும் காற்று என் முதுகில் வந்து மோதியது. காதை இஞ்சினிடம் கொடுத்தேன். முனகல் வரும் இடம் வந்தது, வரவில்லை. இஞ்சின் இழுத்துப் பிடித்து, ஒரே சுருதியில், வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு போனது. என் விசிறி! தண்ணீரை ஒரு கடிக்கு அதிகமாகக் கடிக்காமல், கடித்ததை விடாமல். அலை ஒன்றும் உள்ளே வரவில்லை. நாணல் என் தோளில் உரசியபோதுதான் வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்தது.

தொரை எழுந்து நின்று, "யார் செஞ்சான்?" என்று கேட்டார்.

"அண்ணன் விசிறிங்க, தொரை" என்றான் அவன். "எடம் போட்டது மட்டும்தான் நான்."

அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அவன் நான்தான் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான். கொடுக்கிறவன் பெரியவனாகிவிடுகிறான், வாங்குகிறவன் நடுப்பலகையில் உட்கார்ந்திருக்கிறான்.

வேலை எனக்கு வந்தது. இஞ்சினைத் தெரிந்தவனுக்குத்தான் இஞ்சின் என்று தொரை நியாயமாகவே தீர்த்தார். தனி வீடும் வந்தது. அந்த வீட்டில்தான் இப்போது இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு என் கையில் ஓடாத இஞ்சின் இந்தப் பக்கத்தில் இல்லை. ஹாலிஎலவிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். படகை அவனுக்குக் கொடுத்தார் தொரை. அப்போதெல்லாம் ஞாயிறுதோறும் அவன் பிடித்துவருகிற மீனில் லயத்துக்கு ஒரு பங்கு உண்டு. எங்கள் வீட்டுக்கும் வரும். என் வீட்டுக்காரி குழம்பு வைத்துவிட்டு, "அண்ணன் நல்ல மீனாப் பாத்து அனுப்பியிருக்காரு" என்பாள். இஞ்சின் ரூம் ஜன்னலுக்கு நேரே குளம். எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த ரீங்காரம் எனக்குக் கேட்கும். என் விசிறியை அவன் ஓட்டிக்கொண்டு போவான், கரையில் நிற்கிறவர்கள் அவனைப் பார்த்துக் கை காட்டுவார்கள். எனக்கு லயத்தில் வைத்த பட்டப்பெயர் நடுப்பலகை. பெரிய இஞ்சின்காரன் என்று ஒருத்தனும் கூப்பிடவில்லை.

சில வருஷம் கழித்து அவன் ஊருக்குப் போனான். போகிற அன்றைக்கு இஞ்சின் ரூமுக்கு வந்து, "யானையைப் பாத்துக்கங்க, அண்ணே" என்று சொல்லி, இஞ்சினை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குப் பதிலாகப் படகுக்கு வந்தவன் முதல் வாரமே நனைந்துபோய் என்னிடம் வந்து நின்றான்.

"பெரியவரே, படகு மூக்கால குத்துது. என்ன செய்யலாம்ங்க?"

"முன்னாடி இருக்கிறதை எல்லாம் நடுவுக்குத் தள்ளு. வலையை நடுவுல தரையோட போடு. எண்ணெய் டின்னு நடுப்பலகைக்கு அடியில. பின்னாடி ஒல்லியா இருக்கிற நீ மட்டும் குந்து. மூக்கு தண்ணியை விட்டுச் சித்த எழும்பி நிக்கணும். படகு வண்டி இல்லடா, முன்பாரம் வைக்கிறதுக்கு."

அவன் வாயைப் பிளந்து கேட்டான். "இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"இஞ்சின்காரனுக்கு யாரு சொல்லணும்?"

அவன் போனவன் திரும்பி வந்தான். "நடுவுல கனமா ஒரு ஆளு வேணுமே பெரியவரே. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து குந்துறீங்களா?"

"மணல் மூட்டை வை" என்றேன்.